‘டேமேஜஸ்’ என்பதற்கு இழப்பீடு: சொல் விளக்கம்

ஆழ்கடல் எண்ணெய்க் கசிவு பற்றிய செய்திகளைத் தமிழாக்குகிறவர்கள் இடறி விழும் சொல் ‘டேமேஜஸ்’. ‘நிறுவனம் சேதங்களைச் செலுத்த ஒப்புக்கொண்டது’ என்று எழுதிவிடுகிறார்கள். சேதத்தை யாரும் செலுத்த முடியாது. ஆங்கிலச் சட்ட வழக்கில் ‘டேமேஜ்’ என்றால் நேர்ந்த கெடுதி. ‘டேமேஜஸ்’ என்றால் அந்தக் கெடுதிக்காகக் கட்ட வேண்டிய பணம். லத்தீனில் இழப்பைக் குறித்த ‘டாம்னம்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் இப்படி இரண்டாகப் பிரிந்தது.

வட ஆற்காட்டுப் பக்கம் இதற்கு வழங்கும் சொல் நஷ்டஈடு. பஸ் விபத்து வழக்கானாலும் சாலைக்கு நிலம் எடுத்தாலும் அதே சொல்தான். நஷ்டம் வடசொல், ஈடு தமிழ். இரண்டு பகுதியும் தமிழாக அமைந்தது இழப்பீடு. அரசாணைகளிலும் தீர்ப்புகளின் தமிழாக்கத்திலும் இன்று அதுவே நிலைத்துவிட்டது. கெடு என்பது கேடு ஆனதுபோல, இடு என்பது நீண்டு ஈடு ஆனது. போனதன் இடத்தில் அதற்குச் சமமாக இடுவது. அடமானத்துக்கு ஈடு என்று பெயர் வந்ததும் இதனால்தான். நான் இழப்பீட்டையே பரிந்துரைக்கிறேன். ‘காம்பன்சேஷன்’ என்று சொல்லும்போது கையில் வரும் தொகை மட்டுமே நினைவுக்கு வருகிறது. ஈடு என்றால் கெட்ட மண்ணையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் அதில் அடங்கும்.

இழப்பீட்டையும் அபராதத்தையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. அபராதம் அரசுக்குப் போகும் தண்டனைப் பணம். இழப்பீடு இழந்தவருக்கும் இழந்த இடத்துக்கும் சேர வேண்டியது. இவை இரண்டும் தவிர, கசிவை நிறுத்தித் துப்புரவு செய்யும் செலவு தனிக் கணக்கு. 2010-இல் அமெரிக்காவை ஒட்டிய மெக்சிகோ வளைகுடாவில் மக்கோண்டோ என்ற ஆழ்கடல் எண்ணெய்க் கிணறு பீறிட்டபோது இந்த மூன்று கணக்குகளும் தனித்தனியே ஓடின.

அடைக்கும் செலவு ஏன் அவ்வளவு பெரிது? வேலூரில் போர் போடும்போது கேசிங் இறக்குவதை எல்லாரும் பார்த்திருப்போம். எண்ணெய்க் கிணற்றிலும் கேசிங் உண்டு. நம் போரில் தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் வேண்டும். அங்கே கீழிருந்து முட்டும் அழுத்தத்தை அமுக்கி வைக்கவே பாடுபட வேண்டும். அமுக்குவது பேரைட் என்ற கனமான தாதுவின் தூள் கலந்து கிணற்றில் நிரப்பும் சேறு, அதாவது ‘மட்’. அந்தப் பேரைட் நமக்கு வடக்கே கடப்பா பக்கம் மங்கம்பேட்டையில் ஏராளமாக வெட்டப்படுகிறது. மட்டின் கனம் குறைந்தாலோ அடியில் போட்ட சிமென்ட் பிடிக்காவிட்டாலோ வாயு கிணற்றுக்குள் நுழையும். அதற்குப் பெயர் ‘கிக்’. கவனிக்காமல் விட்டால் அது பீறிடல், அதாவது ‘ப்ளோஅவுட்’.

மக்கோண்டோவில் சிமென்ட் பிடிக்கவில்லை. அழுத்தச் சோதனை காட்டிய அளவைத் தவறாகப் புரிந்துகொண்டு, ‘மட்’டை எடுத்துவிட்டுக் கடல்நீரை நிரப்பினார்கள். ஏப்ரல் 20 இரவு கடல்மேல் நின்ற துளையிடும் மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். கடல்தரையில், சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில், குழாயை வெட்டி மூட வேண்டிய ‘ப்ளோஅவுட் பிரிவென்டர்’ இருந்தது. உள்ளே குழாய் வளைந்து ஓரமாக ஒதுங்கியிருந்ததால் வெட்டுத்தகடுகளால் முழுதாக வெட்டி அடைக்க முடியவில்லை.

மே மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 100 டன் எடையுள்ள எஃகுக் கூண்டைக் கசிவின் மேல் இறக்கினார்கள். அந்த ஆழத்துக் குளிரிலும் அழுத்தத்திலும் மீத்தேனும் நீரும் சேர்ந்து பனிக்கட்டி போல் உறையும். அந்த ஹைட்ரேட் கூண்டின் வாயை அடைத்து, கூண்டையே மேலே தூக்கப் பார்த்தது. மே கடைசியில் மேலிருந்து ‘மட்’டைப் பாய்ச்சினார்கள். மேலேறும் எண்ணெயின் வேகம் அதை வெளியே தள்ளிவிட்டது. கோல்ப் பந்துகளையும் ரப்பர் துண்டுகளையும் திணித்துப் பார்த்ததும் பலிக்கவில்லை. ஜூலையில் இறுகப் பொருந்தும் மூடியைப் பிரிவென்டரின் மேல் பூட்டி, 15-ஆம் தேதி வால்வுகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். 87 நாள் ஓட்டம் அங்கே நின்றது. பிறகும் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்: மூடியபின் அழுத்தம் உயராவிட்டால், கேசிங் உடைந்து எண்ணெய் பக்கவாட்டில் மண்ணுக்குள் போகிறது என்று பொருள். ஆகஸ்டில் ‘மட்’டையும் சிமென்டையும் மேலிருந்து இறக்கி, பழைய கிணற்றை அடியில் சந்திக்கும்படி மே மாதமே தோண்டத் தொடங்கிய நிவாரணக் கிணறு வழியாக அடியிலும் சிமென்ட் அடைத்து, செப்டம்பர் 19-இல்தான் கிணறு செத்தது என்று அறிவித்தார்கள்.

யார் கட்டுவது? அமெரிக்காவின் 1990 எண்ணெய் மாசுச் சட்டப்படி ‘பொறுப்பாளி’. அப்போது இழப்பீட்டுக்கு 7.5 கோடி டாலர் உச்சவரம்பு இருந்தது. துப்புரவுச் செலவுக்கு வரம்பே இல்லை. கடும் அலட்சியம் என்று நிறுவப்பட்டால் இழப்பீட்டு வரம்பும் போய்விடும். கிணற்றை நடத்திய பி.பி. நிறுவனம் வரம்பைக் கோரவில்லை. 2014-இல் நீதிமன்றம் பொறுப்பை பி.பி.க்கு 67, மேடையின் உரிமையாளரான டிரான்ஸ்ஓஷனுக்கு 30, சிமென்ட் போட்ட ஹாலிபர்ட்டனுக்கு 3 விழுக்காடு எனப் பங்கிட்டது. அபராதத்தைப் பீப்பாய்க் கணக்கில் போடுவதால் எவ்வளவு ஓடியது என்பதே பெரிய வழக்காயிற்று. கடலில் கலந்தது 31.9 லட்சம் பீப்பாய் என்று நீதிபதி முடிவு செய்தார். 2016-இல் உறுதியான 2,080 கோடி டாலர் உடன்பாட்டில் அபராதம் 550 கோடி. இயற்கையை மீட்க 880 கோடி வரை. மீட்புக்கான பங்கு அபராதத்தைவிடப் பெரியது என்பதைக் கவனியுங்கள்.

இதே கணக்கை நம் நாட்டில் எழுதியது வேலூர் வழக்கு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் ‘மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும்’ என்பதை நாட்டின் சட்டமாக ஏற்றது. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பயிருக்கு ஓரளவோ முற்றிலுமோ உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டது தீர்ப்பில் இருக்கிறது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். அதற்கு மேல் இழப்பீடு இரண்டு தலைப்பில்: இயற்கையை மீட்க ஒன்று, பாதிக்கப்பட்டவருக்கு ஒன்று. கட்டாதவரிடம் கலெக்டர் நிலவரி பாக்கியைப்போல் வசூலிக்க வேண்டும்.

இங்கே மீட்பு கடினமாவதற்குக் காரணம் உப்பு. தோல் கெடாமலிருக்கத் தூவும் உப்பு, ஊறவைக்கும் தொட்டியில் கரைந்து வெளியேறுகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் குரோமியத்தையும் அழுகும் பொருளையும் பெருமளவு பிரிக்கும். கரைந்த உப்பைப் பிரிக்காது. அதற்கு ஆர்.ஓ.வும் நீரை ஆவியாக்கும் கலனும் வேண்டும். மிஞ்சும் கலப்பு உப்பை எங்கே போடுவது என்பது அடுத்த தலைவலி. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுமேடு இன்னொரு கேள்வியை வைக்கிறது: செய்தவர் கடையைச் சாத்திவிட்டால் யாரிடம் கேட்பது? அமெரிக்கச் சட்டத்தில் எண்ணெய்ப் பீப்பாய்க்கு இவ்வளவு என்று வரி பிடித்த நிதி ஒன்று முதலில் செலவழித்து, பிறகு பொறுப்பாளியிடம் வசூலிக்கும். தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்தது பற்றிய வழக்கில் 2025 சனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதேதான்: இழப்பீட்டை இன்னும் பெறாதவர்களுக்கு அரசு கொடுக்கட்டும், பிறகு மாசு செய்தவரிடம் மீட்கட்டும்.

மனு எழுதுகிறவர்கள் ‘நஷ்டஈடு வேண்டும்’ என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு மூன்றைத் தனித்தனியே சொல்கிறது: பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு, கெட்ட சொத்தைச் சீராக்கல், சுற்றுச்சூழலை மீட்டல். விளைச்சல் இழப்பை முதல் தலைப்பிலும், கிணற்றையும் மண்ணையும் சரிசெய்யும் செலவை இரண்டாவதிலும், ஏரி, கால்வாய், நிலத்தடி நீரை மூன்றாவதிலும் எழுதுங்கள். சர்வே எண், அடங்கல் நகல், கிணற்று நீரின் டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) மற்றும் குரோமியச் சோதனை அறிக்கை மூன்றையும் இணையுங்கள். நீர் எடுத்த தேதி அறிக்கையில் இருக்கட்டும். பாதிப்பு தொடங்கியதிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் மனு போக வேண்டும். தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.