வயிற்று நீரில் மிதக்கும் டி செல்கள்

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் பலர், வயிறு உப்பினால் ‘கேஸ்தான்’ என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டு மறுநாளும் கடலில் இறங்கிவிடுவார்கள். பெரும்பாலும் அது கேஸாகவே இருக்கும். ஆனால் உப்பலோடு, நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது, அடிக்கடி சிறுநீர் முட்டுவது என்று வாரக்கணக்கில் தொடர்ந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். சினைப்பைப் புற்றுநோய் இப்படித்தான் சத்தமில்லாமல் வளரும்.

நோய் முற்றினால் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். ஊசி வழியே பாட்டிலில் இறங்கும் அந்த வைக்கோல் நிற நீரில் புற்றுச்செல்கள் மட்டுமல்ல, அவற்றை எதிர்க்க வந்த டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளையணுக்களும் மிதக்கின்றன.

நம் உடலின் செல்கள் உள்ளே தயாராகும் புரதங்களின் துணுக்குகளை வெளிப்பரப்பில் ஏந்திக் காட்டும். கொல்லும் டி செல் அவற்றைத் தடவிப் பார்க்கும். துணுக்கு அந்நியமாகப் பட்டால் ஒட்டிக்கொண்டு, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளையிட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே செலுத்தும். அந்தச் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

இது எவ்வளவு முக்கியம் என்பதை 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. நோய் முற்றிய 186 பெண்களின் கட்டிகளைப் பார்த்தார்கள். கட்டிக்குள் டி செல்கள் இருந்தவர்களில் ஐந்தாண்டு உயிரோடிருந்தவர்கள் 38 சதவீதம். இல்லாதவர்களில் வெறும் 4.5. என்னை உலுக்கிய எண்கள் இவை.

‘கட்டிக்குள்’ என்பதுதான் இங்கே விஷயம். பல நேரம் டி செல்கள் கட்டியைச் சுற்றியுள்ள நார்த்திசுவிலேயே, பாம்பன் தூக்குப்பாலம் திறக்கக் காத்துக்கிடக்கும் கப்பல்களைப் போல நின்றுவிடுகின்றன.

உள்ளே போனவைக்கும் தடை உண்டு. டி செல்களில் ஒருவகை, மற்றவற்றை அடக்கிவைப்பவை. இவற்றை 1995இல் அடையாளம் காட்டிய ஷிமோன் சகாகுச்சிக்கு 2025 நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் உடலை நம் படையே தாக்காமல் காப்பது இவற்றின் வேலை. சினைப்பைப் புற்றுச்செல்கள் சிசிஎல்22 என்ற வேதிப்பொருளைச் சுரந்து இவற்றையே தம் பக்கம் இழுத்துக்கொள்கின்றன என்று 2004இல் தெரிந்தது. இவை பெருகினால் நோயாளியின் ஆயுள் குறைகிறது. ஆகவே, கொல்பவை எத்தனை, அடக்குபவை எத்தனை என்ற விகிதத்தைப் பார்க்கவேண்டும்.

டி செல்களின் பிரேக்கை விடுவிக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த 376 பெண்களில், சுமார் 8 சதவீதத்தினருக்கே கட்டி கணிசமாகச் சுருங்கியது. தோல் புற்றான மெலனோமாவில் இவ்வகை மருந்துகள் இதைவிட எவ்வளவோ நன்றாக வேலை செய்கின்றன. அதனால் இப்போது மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தும், கட்டியிலிருந்தே டி செல்களை எடுத்து ஆய்வகத்தில் பெருக்கி அதே பெண்ணுக்குத் திரும்பச் செலுத்தியும் சோதித்துவருகிறார்கள்.