தேறியவர் இல்லம்

குடியை விட்ட நண்பர்கள் சிலர் சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் வீடு பிடித்துச் சேர்ந்து தங்கும் யோசனையில் இருக்கிறார்கள். ‘சோபர் ஹவுஸ்’ என்பதற்குத் தமிழ் கேட்டார்கள். ‘போதையற்றோர் இல்லம்’ ஆஸ்பத்திரிப் பலகை போல இருக்கிறதாம்.

‘சோபர்’ லத்தீன் ‘சோப்ரியுஸ்’ வழி வந்தது. ‘எப்ரியுஸ்’ என்றால் குடித்திருப்பவன். விலக்கைக் குறிக்கும் ‘செ’ அதன்முன் சேர்ந்தது. இல்லாததைச் சொல்லும் சொல் அது. தமிழில் இருப்பதையே சொல்லலாம்: தேறியவர்.

‘தேறு’ குறும்புக்காரச் சொல். நோயாளி தேறுகிறான், மாணவன் தேறுகிறான், அழுகிறவளைத் தேற்றுகிறோம். கலங்கல் அடங்கித் தெளிவதுதான் அடிப்பொருள். அதனால் தெளிந்த கள்ளுக்கும் தேறல் என்றே பெயர்! ‘தேட்கடுப்பன்ன நாட்படு தேறல்’, அதாவது தேள் கொட்டியதுபோல் கடுக்கும் பழைய கள் என்று புறநானூற்றில் ஔவையார் பாடுவது அதியமான் மகன் கொடுத்த கள்ளை. அவர்களுடைய தகடூர் இன்றைய தருமபுரி. 1965 வரை சேலம் மாவட்டம். ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்ததும் இதே மாவட்டத்தில்தான்.

சரி, யார் தேறியவர்? கை நடுக்கம் இன்னும் நிற்காதவர் தேறியவர் அல்லர். நெடுநாள் குடித்தவர் சட்டென நிறுத்தினால் சில நாட்களுக்குள் வலிப்பும் பிதற்றலும் வரலாம். இப்படிப்பட்ட வீட்டில் டாக்டரோ நர்ஸோ இருக்கமாட்டார்கள். அந்தக் கட்டம் ஆஸ்பத்திரியிலேயே முடிந்திருக்க வேண்டும். மிச்சத்தை உடன் தங்குகிறவர்கள்தான் பார்க்க வேண்டும்: வாடகைப் பங்கு தர வழி உண்டா, தானாக வந்தாரா, மாமனார் இழுத்து வந்து விட்டாரா. அமெரிக்காவின் மேரிலாந்தில் 1975-இல் தொடங்கிய ஆக்ஸ்போர்டு ஹவுஸ் வீடுகளில் புதியவர் நுழைய, இருப்பவர்களில் 80 சதவீதம் பேர் சம்மதித்து வாக்களிக்க வேண்டும். உள்ளே வந்தபின் குடித்தால் வெளியேற வேண்டியதுதான்.

‘தேறற்க யாரையும் தேராது’ என்கிறது குறள் (509). ஆராயாமல் எவரையும் நம்பாதே என்று பொருள். அரசன் ஆள் எடுப்பதற்குச் சொன்னது, வாடகை வீட்டுக்கும் பொருந்துகிறது. இங்கே தேறுதல் என்பது நம்புதல். ஆகவே தானே நலம் பெற்றால் பாதி. பிறர் ஆராய்ந்து நம்பினால்தான் மீதி. இவ்விரண்டும் ஒரே வினையில் அடங்குவதால்தான் ‘தேறியவர் இல்லம்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

பலகை எழுதுகிறவர் கைதவறித் ‘தேறல் இல்லம்’ என்று எழுதிவிடாமல் ஒருவரைப் பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.