ஹாட் டாக்கை வட்டமாக நறுக்காதீர்கள்

அமெரிக்க வீடுகளில் பிள்ளைகளுக்கு அவசரத்துக்குச் செய்து கொடுப்பது பீனி வீனி. இனிப்புச் சாறில் ஊறிய வெள்ளை பீன்ஸ் டின் ஒன்று, வட்ட வட்டமாக நறுக்கிய ஹாட் டாக் (நீளமான இறைச்சி சாசேஜ்), பத்து நிமிடக் கொதி. அவ்வளவுதான். சிக்கல் அந்த ‘வட்ட வட்டமாக’வில் இருக்கிறது.

வட்டத் துண்டு வழுவழுப்பானது, அமுக்கினால் அமுங்கும். சின்னக் குழந்தையின் தொண்டையில் அது பாட்டில் தக்கை மாதிரி இறுகி உட்கார்ந்துவிடும். ஓரத்தில் மூச்சுப் போக இடுக்கே இருக்காது. பீன்ஸ் சாறு அதை இன்னும் வழுக்கிவிடும். கடைவாய்ப் பல் முளைத்திருந்தாலும், நன்றாக அரைத்து மெல்ல நாலு வயதாவது ஆக வேண்டும். மூச்சடைப்பைத் தடுப்பது குறித்து அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2010-ல் வெளியிட்ட அறிக்கை ஹாட் டாக்கைக் குறிப்பிட்டே எச்சரித்தது.

முதலில் நீளவாக்கில் நான்காகப் பிளந்து, பிறகு குறுக்கே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் நறுக்குங்கள். இரண்டாகப் பிளந்ததோடு நிறுத்தினால் பாதி வேலைதான். தோல் கெட்டியாக இருந்தால் உரித்துவிடுங்கள். ஓடிக்கொண்டும் காரில் உட்கார்ந்துகொண்டும் சாப்பிட விடாதீர்கள்.

இரண்டுமே ஏற்கெனவே வெந்தவை என்பதால் பலர் லேசாகச் சூடாக்கி நிறுத்திவிடுகிறார்கள். லிஸ்டீரியா கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் பெருகும். ஹாட் டாக்கின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். அதே தட்டில் கர்ப்பிணியோ முதியவரோ சாப்பிடுவதாக இருந்தால் இதில் சலுகையே கிடையாது. மைக்ரோவேவ் என்றால் பாதியில் எடுத்துக் கிளறிவிட்டு மறுபடி வையுங்கள்.

உப்பும் கணக்கில் வரட்டும். ஒரு ஹாட் டாக்கிலும் அரை கப் டின் பீன்ஸிலும் பெரும்பாலும் தலா 400 முதல் 500 மில்லிகிராம் சோடியம் இருக்கும். 1 முதல் 3 வயதுக் குழந்தைக்கு நாள் முழுவதற்குமே 1,200தான் வரம்பு. டின்னில் ‘உப்பு குறைத்தது’ என்று பார்த்து வாங்கி, ஹாட் டாக்கைப் பாதியாக்கினால் கொஞ்சம் சமாளிக்கலாம்.

தொண்டையில் சிக்கியும் குழந்தை சத்தமாக இருமினால் இரும விடுங்கள். சத்தமே வராமல் உதடு நீலம் பாரித்தால், அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து தட்டு, பிறகு தொப்புளுக்குச் சற்று மேலே வயிற்றில் ஐந்து அழுத்தம், துண்டு வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. ஒரு வயதுக்குக் கீழே என்றால் வயிற்றைத் தொடவே கூடாது, மார்பில்தான் அழுத்த வேண்டும். துண்டு கண்ணில் படாமல் வாய்க்குள் விரலை விட்டால் அது இன்னும் உள்ளே போய்விடும்.