மலை பெரிதாகத் தெரிய வேண்டுமா? விளிம்பை விட்டு விலகி நில்லுங்கள்

பயணப் புகைப்படம் என் தொழில். படமெடுக்கப் பழக விரும்புகிறவர்களைக் குழுவாகச் சேர்த்து நீலகிரி, கொடைக்கானல், குற்றாலம், கன்னியாகுமரி என்று அழைத்துப் போவதும் அதில் ஒரு பகுதி. காட்சிமுனைகளில் என் காதில் அதிகம் விழுவது, "இன்னும் கொஞ்சம் பின்னாடி போ" என்ற குரல்தான். சொல்கிறவரின் கண் போன் திரையில் இருக்கும். கேட்கிறவரின் முதுகு பள்ளத்தின் பக்கம் இருக்கும். இருவருமே தரையைப் பார்ப்பதில்லை.

அதனால் எங்கள் குழுவில் ஒரு கண்டிப்பு உண்டு. படத்தில் நிற்கிறவர் ஓர் அடிகூட நகரக் கூடாது. நகர வேண்டியது எடுக்கிறவர்தான், அதுவும் போனைக் கீழே இறக்கி, திரும்பிப் பார்த்துவிட்டு.

உலகெங்கும் செய்திகளில் வந்த செல்பி மரணங்களை டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை ஆய்வாளர்கள் தொகுத்து 2018-இல் வெளியிட்டார்கள். 2011 அக்டோபரிலிருந்து 2017 நவம்பர் வரை 137 சம்பவங்களில் 259 பேர் இறந்திருந்தார்கள். அதிக உயிரிழப்பு இந்தியாவில். நீரில் மூழ்கியவர்கள்தான் முதலிடம். அடுத்து ரயில் முதலான வாகனங்களில் அடிபட்டவர்கள், அதற்கடுத்து உயரத்திலிருந்து விழுந்தவர்கள். இறந்தவர்களின் சராசரி வயது 23-ஐக்கூட எட்டவில்லை. மலை விளிம்பைப் பார்த்துப் பயப்படுகிற அளவுக்கு நாம் தண்ணீரைப் பார்த்துப் பயப்படுவதில்லை என்பதை இந்த வரிசை காட்டுகிறது.

விளிம்புக்குப் போகாதீர்கள் என்று எல்லாப் பலகையிலும் எழுதியிருக்கிறது. யாரும் கேட்பதாக இல்லை. நான் படக்காரனாக வேறொன்று சொல்கிறேன்: விளிம்பில் எடுத்த படம் நன்றாக வராது.

பெரும்பாலான போன்களின் முதன்மை லென்ஸ் அகன்ற கோணம் கொண்டது. கேமரா கணக்கில் அதன் குவியத் தூரம் 24 முதல் 26 மி.மீ. வரை; இந்த எண் குறையக் குறையக் கோணம் அகலும். செல்பி லென்ஸும் ஏறக்குறைய அதே அளவுதான். அருகில் இருப்பதைப் பெரிதாகவும் தொலைவில் இருப்பதைச் சிறிதாகவும் காட்டுவது இந்தக் கோணத்தின் இயல்பு. கை நீட்டும் தூரத்தில் வைத்து எடுத்தால் படம் முழுக்க முகம்தான்; நீங்கள் அவ்வளவு தூரம் தேடிவந்த மலை காதோரத்தில் ஒரு மேடாகச் சுருங்கிவிடும். கண்ணால் பார்த்த பிரம்மாண்டம் படத்தில் வரவில்லையே என்று ஏமாந்து இன்னும் ஓர் அடி விளிம்பை நோக்கி நகர்கிறார்கள். மலையோ பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஓர் அடி நகர்ந்தால் அது எப்படிப் பெரிதாகும்?

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. உங்கள் ஆளைப் பாதுகாப்பான இடத்தில், வேலிக்கு இந்தப் பக்கம் நிறுத்துங்கள். இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து எடுப்பதற்குப் பதிலாக ஆறு மீட்டர் தள்ளி வந்து, மூன்று மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். ஆள் அதே அளவில் இருப்பார். பின்னால் இருக்கும் மலை முன்பைவிட மூன்று மடங்கு பெரிதாக எழுந்து நிற்கும். குழுவில் இதைச் செய்து காட்டியபின் விளிம்புக்குப் போகும் ஆசையே பலருக்குப் போய்விடுகிறது. கொடைக்கானல் தூண் பாறையில், ஏறக்குறைய 400 அடி உயரமுள்ள அந்தக் கருங்கல் தூண்களுக்கு முன் இதைச் செய்து பாருங்கள். காலையில் போங்கள், பிற்பகலில் பெரும்பாலும் மேகம் மூடிவிடும். மூடிய மேகத்தில் வேலி ஏறிக் குதிப்பதைவிட முட்டாள்தனம் வேறில்லை. குன்னூரிலும், கொடைக்கானல் அருகே வட்டக்கானலிலும் 'டால்பின் மூக்கு' என்று அழைக்கப்படும் பாறைமுனைகளுக்கும் இதே கதைதான். பாறையின் நுனியில் நிற்கிறவருக்கு அதன் மூக்கு வடிவம் தெரியவே தெரியாது. தள்ளி நிற்கிறவருக்குத்தான் தெரியும்.

எங்கள் தொழில்காரர்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். இணையத்தில் நீங்கள் பார்த்து வியக்கும் 'பள்ளத்தின் விளிம்பில் தனி மனிதன்' படங்களில் பல, கோணத்தால் உண்டானவை. கேமராவைத் தரையோடு தாழ்த்தி வைத்தால் பாறைக்குக் கீழே இருக்கும் அகலமான திட்டு மறைந்து, நேராக ஆகாயம் தொடங்குவதுபோல் தெரியும். எடுத்தவருக்கு அந்தத் திட்டு இருப்பது தெரியும். பார்த்துவிட்டு அதே இடத்தைத் தேடிப் போகிற பதினெட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. இப்படிப்பட்ட படத்தைப் போடுகிற ஒவ்வொருவரும் அது எப்படி எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அதை நான் ஒரு கடமையாகவே நினைக்கிறேன்.

இனி தண்ணீர். அருவியிலும் கடலிலும் ஆபத்து படத்தின் சட்டகத்துக்கு வெளியிலிருந்து வருகிறது. பல நேரம் கண்ணுக்கே எட்டாத தொலைவிலிருந்து வருகிறது. ஒகேனக்கல்லில் ஒரு சொட்டு மழை இருக்காது, வெயில் காயும். வயநாட்டிலும் குடகிலும் பெய்த மழையில் கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் திறக்கப்பட்டு, காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறிக்கொண்டிருக்கும். பரிசலுக்கும் குளியலுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை போடுவது அதனால்தான். வெயிலைக் காட்டி, "தண்ணி கம்மியாத்தானே இருக்கு" என்று பரிசல்காரரிடம் வாதாடாதீர்கள். ஓடும் பரிசலில் படத்துக்காக எழுந்து நிற்கவும் கூடாது. ஒருவர் எழுந்தாலே பரிசல் அந்தப் பக்கம் சாயும்.

குற்றாலத்தில் மழை பெய்வது உங்களுக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் மலைக்காட்டில். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. தெளிவாக விழுந்த தண்ணீர் செம்மண் நிறமாக மாறினாலோ, சருகும் சுள்ளியும் சேர்ந்து வந்தாலோ, அருவியின் இரைச்சல் மாறினாலோ, கேமராவை எடுத்து வைக்கக்கூட நிற்காமல் மேடேறுங்கள். இன்னொன்று: பட்டுப்போல் வழியும் அருவிப் படத்துக்குக் கால் நொடி முதல் ஒரு நொடி வரை ஷட்டர் திறந்திருக்க வேண்டும், அதுவரை கேமரா அசையக் கூடாது. பாசி படிந்த பாறையில், சாரல் லென்ஸை நனைக்கும் இடத்தில் நின்று அது முடியாது. தள்ளி, காய்ந்த தரையில் ட்ரைபாட் வைத்தால்தான் வரும்.

கடலில் கதை இன்னும் மோசம். தெற்கே, வெகுதொலைவில் வீசிய புயல் எழுப்பிய அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வரும். இங்கே காற்றே இருக்காது. கள்ளக்கடல் என்று தென்கோடிக் கடற்கரையில் அழைப்பது இதைத்தான். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரைக் கடல் இழுத்துக்கொண்டபோது கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. இப்படிப்பட்ட பேரலைகள் கூட்டமாக வரும்; இரண்டு கூட்டத்துக்கு நடுவே கடல் சில நிமிடங்கள் அடங்கிக் கிடக்கும். அந்த அமைதியை நம்பித்தான் பாறையில் இறங்குகிறார்கள். கால் மணி நேரமாவது கரையில் நின்று, அலை எதுவரை நனைக்கிறது என்று பாருங்கள். நனைந்திருக்கும் பாறை அலை வந்துபோன பாறை.

கன்னியாகுமரிச் சூரிய உதயத்துக்குப் பாறையில் இறங்க வேண்டிய தேவையே இல்லை. அகன்ற லென்ஸில் சூரியன் ஒரு பொட்டுதான், நீங்கள் எவ்வளவு முன்னால் போனாலும். கரையிலிருந்தே நீண்ட ஜூமில் எடுத்தால் 133 அடி வள்ளுவர் சிலையும் சூரியனும் சேர்ந்து பெரிதாக அமையும்.

தண்டவாளத்தைப் பற்றி நீட்டிப் பேச எதுவுமில்லை. அத்துமீறி இறங்கினால் ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்தைவிட முக்கியம், நேரே வரும் ரயிலின் வேகத்தை நம் கண்ணால் சரியாகக் கணிக்க முடியாது. திரையில் அது இன்னும் தொலைவில் இருப்பதுபோல் தெரியும். நீலகிரி மலை ரயில் வேண்டுமானால் கேத்தி, லவ்டேல் நிலைய நடைமேடையில் நின்று எடுங்கள். பாம்பனிலும் ரயில் பாலத்தைப் படமெடுக்கச் சாலைப் பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்தாதீர்கள்.

கிளம்பும் அன்று காலை இரண்டு விஷயம் பாருங்கள்: கடற்கரைக்கு இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையத்தின் அலை எச்சரிக்கை, அருவிக்கு மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பு. பையில் பதினைந்து மீட்டர் கயிறு வைத்துக்கொள்ளுங்கள். யாராவது தண்ணீரில் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் அடுத்தடுத்துப் போனவர்கள் பலர். கயிறு, துப்பட்டா, மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேன், எது கையில் கிடைக்கிறதோ அதைக் கரையில் நின்றபடி வீசுங்கள். கூட இருப்பவர் அதே நேரத்தில் 112-ஐ அழைத்து, அருகில் தெரியும் பலகையில் உள்ள இடப்பெயரைச் சொல்லட்டும்.