ஒரு குழு நீரைத் தேக்கச் சொன்னது, மறு குழு நீரை வடிக்கச் சொன்னது

சுரங்க நிறுவனங்கள் வெளியிடும் ஆண்டறிக்கையின் பின்பகுதியில், அந்த நிறுவனம் எந்தெந்தத் தொழில்துறை அமைப்புகளில் உறுப்பினராக இருக்கிறது, எந்தெந்தக் கூட்டு ஆய்வுகளுக்குப் பணம் தருகிறது என்று சொல்லும் ஒரு பக்கம் இருக்கும். பத்துப் பதினைந்து சின்னங்கள் அதில் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். பங்கு வாங்குகிறவர்கள் அதை நின்று படிப்பதில்லை. சுரங்கத்துக்கு அருகில் வசிப்பவர்களோ விளம்பரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கனடாவில் சுரங்கக் கழிவுகளின் வேதியியலைக் கவனிக்கும் பொறியாளனாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன், அந்தச் சின்னங்களுக்குப் பின்னால் இருக்கும் குழுக்கள் சிலவற்றில் உட்கார்ந்து எழுந்தவன் என்ற முறையில், அந்தப் பக்கத்தை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றி எழுதுகிறேன். தமிழில் தொழிற்சங்கம் என்றதும் தொழிலாளர் சங்கமே நினைவுக்கு வரும். நான் இங்கே பேசுவது நிறுவனங்கள் தமக்குள் அமைத்துக்கொண்ட கூட்டமைப்புகளைப் பற்றி.

ஒன்றுக்கொன்று போட்டியாக இருக்கும் நிறுவனங்கள் ஏன் ஒரே மேசையில் அமர்ந்து ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. செம்பின் விலையை உலகச் சந்தை தீர்மானிக்கிறது. ஒரு சுரங்கத்தின் செம்புக்கும் இன்னொன்றின் செம்புக்கும் வாங்குபவருக்கு வேறுபாடு தெரியாது. ஆகவே எங்கே தாது இருக்கிறது என்பது ரகசியமாக இருக்கலாமே தவிர, கழிவை எப்படிப் பாதுகாப்பாக வைப்பது என்பதை மறைத்து எவரும் லாபம் பார்த்ததில்லை. அதற்கு மாறாக, யாரோ ஒருவருடைய கழிவு அணை உடைந்தால், அந்த மாநிலத்தில் அடுத்து அனுமதி கேட்டு நிற்கும் எல்லோருக்கும் கதவு அடைபடுகிறது.

கழிவு என்று நான் சொல்வது, தாதுவை மாவுபோல அரைத்து உலோகத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் நுண்மணல் சேற்றை. துறையில் இதை டெய்லிங்ஸ் என்பார்கள். கோலார் தங்கவயலைப் பார்த்திருக்கிற தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே ஊருக்கு நடுவே நிற்கும் சாம்பல் நிறக் குன்றுகள் அனைத்தும் இதுதான். கோலாரில் அது காய்ந்து, காற்றடிக்கும் காலத்தில் தூசியாகப் பறக்கிறது. கனடாவில் மழையும் பனியும் அதிகம் என்பதால் கழிவு சேறாகவே அணைகளுக்குப் பின்னால் தேங்குகிறது.

அந்தச் சேற்றில் பைரைட் எனும் இரும்புச் சல்ஃபைடு கலந்திருந்தால் வேறொரு தொல்லை தொடங்கும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் நீரும் பட்டதும் பைரைட் கந்தக அமிலமாக மாறுகிறது. சில பாக்டீரியாக்கள் இந்த மாற்றத்தைப் பன்மடங்கு விரைவாக்குகின்றன. உண்டான அமிலம் செம்பு, துத்தநாகம், ஆர்சனிக் முதலியவற்றைக் கரைத்துக்கொண்டு ஓடைக்கு இறங்குகிறது. சுரங்கம் மூடப்பட்ட பிறகும் நூற்றாண்டுக்கணக்கில் இது நிற்காமல் தொடரக்கூடும். சுண்ணாம்பைக் கொட்டி அமிலத்தை முறிக்கலாம், ஆனால் முறித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதில் உண்டாகும் புதிய சேற்றையும் எங்காவது வைக்க வேண்டும்.

1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் கனடிய நிறுவனங்கள் கழிவுத் தேக்கங்களின் மேல் மண்ணைப் பரப்பிப் புல் விதைத்தன. புல் முளைத்தது, இடம் பச்சையானது, புகைப்படம் எடுக்கவும் நன்றாக இருந்தது; அடியிலிருந்து அமிலமோ முன்புபோலவே கசிந்துகொண்டிருந்தது. ஒரு நிறுவனம் தன் தேக்கத்தில் மட்டும் இதைக் கண்டிருந்தால் வேலையில் குறை என்று எண்ணி மறைத்திருக்கும். பல நிறுவனங்கள் ஒரே தோல்வியைக் கண்டபோதுதான், அது அறிவியலில் இருக்கும் இடைவெளி என்பது புரிந்தது. 1986-இல் தொழில்துறையும் அரசும் சேர்ந்து ஒரு பணிக்குழுவை அமைத்தன. அதன் பரிந்துரையின்பேரில் 1989-இல் மென்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கூட்டு ஆய்வுத் திட்டம் தொடங்கியது. மத்திய அரசு, மாகாண அரசுகள், நிறுவனங்கள் என்று மூன்று தரப்பும் செலவைப் பகிர்ந்துகொண்டன. முதல் எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 1.75 கோடி கனடிய டாலர் செலவானது. ஒரேயொரு பெரிய சுரங்கத்தின் அமிலப் பொறுப்பே இதைவிட அதிகமாக இருக்கக்கூடும் என்பதை வைத்துப் பார்த்தால் இது சிறிய தொகை.

மென்ட் கண்டு நிறுவியவற்றுள் மிகப் பெயர் பெற்றது நீர்ப்போர்வை. ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் பரவும் வேகம் சுமார் 10,000 மடங்கு குறைவு. ஆகவே பைரைட் கலந்த சேற்றை நீருக்கடியில் வைத்துவிட்டால் அமிலம் உண்டாவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. இதைச் சோதிக்கப் புதிதாக ஏரி தோண்ட வேண்டியிருக்கவில்லை. மனிடோபாவின் ஆன்டர்சன் ஏரியிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பட்டில் ஏரியிலும் முந்தைய காலத்தில் கழிவு கொட்டப்பட்டிருந்தது. ஆய்வாளர்கள் அந்த ஏரிகளின் அடிப்படிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். கியூபெக்கின் லூவிக்கூர் சுரங்கத்திலோ தொடக்கத்திலிருந்தே நீருக்கடியில் கழிவை வைக்கும்படி தேக்கம் வடிவமைக்கப்பட்டது. பழைய அலங்கோலங்களைத் திறந்து காட்ட நிறுவனங்கள் ஒப்புக்கொண்டதால்தான் இந்த அறிவு கிடைத்தது. நான் படித்து வந்த காலத்தில் இது எங்களுக்கு வேதவாக்காகவே இருந்தது: சல்ஃபைடு இருந்தால் நீரை நிறுத்து.

2014 ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் மவுன்ட் பாலி செம்பு-தங்கச் சுரங்கத்தில் கழிவு அணை உடைந்தது. ஏறத்தாழ 2.5 கோடி கன மீட்டர் நீரும் சேறும் ஹேசல்டைன் ஓடை வழியாகக் கெனல் ஏரியில் பாய்ந்தன. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் அந்த ஓடையை முன்பு பார்த்தவர்கள் பிறகு அதை அடையாளம் காண முடியவில்லை. நார்பர்ட் மார்கன்ஸ்டர்ன், ஸ்டீவன் விக், டர்க் வான் சைல் ஆகிய மூவர் அடங்கிய தனிநிபுணர் குழு 2015 ஜனவரியில் அறிக்கை தந்தது. அணைக்கு அடியில், பனியுகத்து ஏரியில் படிந்த ஒரு களிமண் அடுக்கு இருந்ததையும், சுமை ஏறும்போது அது வலுவிழக்கும் என்பதையும் வடிவமைப்பு கணக்கில் எடுக்கவில்லை என்பதும், அணையின் சரிவு மிகச் செங்குத்தாக இருந்தது நிலைமையை மேலும் மோசமாக்கியது என்பதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

அதோடு அந்தக் குழு நிற்கவில்லை. மாகாணத்தில் இயங்கும் கழிவு அணைகள் இதே எண்ணிக்கையில், இதே போக்கில் தொடர்ந்தால் சராசரியாகப் 10 ஆண்டுகளுக்கு 2 உடைப்புகளை எதிர்பார்க்கலாம் என்று கணக்கிட்டு, கழிவுத் தேக்கத்தின் மேல் நீரே நிற்கக் கூடாது, சேற்றை வடிகட்டி உலர்த்தி அடுக்குவது போன்ற முறைகளுக்கு மாற வேண்டும் என்று பரிந்துரைத்தது. மவுன்ட் பாலியில் நின்ற நீர் அமிலத்தைத் தடுப்பதற்காக நிறுத்திய நீர் அன்று. தேவைக்கு மேல் சேர்ந்துபோன நீர். ஆனாலும் பரிந்துரை எங்கள் வேதவாக்கின் மேல்தான் நேராக வந்து விழுந்தது. அணை உடைந்தால் சேற்றைத் தொலைவுக்குச் சுமந்துபோவது நீர்தான் என்று அணைப் பொறியாளர்கள் சொன்னார்கள். நீரை எடுத்தால் அமிலம் வரும் என்று நாங்கள் சொன்னோம். இரு தரப்பும் சொன்னது சரி.

இந்த முரண்பாடு 2015-இல் புதிதாகப் பிறந்ததாக எவரும் பாசாங்கு செய்ய வேண்டியதில்லை. வேதியியலாளர்கள் அமிலத் தடுப்புக் குழுவுக்குப் போனார்கள். அணைப் பொறியாளர்கள் அணைக் குழுவுக்குப் போனார்கள். இரண்டு குழுக்களும் தத்தம் வழிகாட்டி நூல்களை அழகாக வெளியிட்டன. ஒரே நிறுவனம் இரண்டு குழுக்களுக்கும் சந்தா கட்டிக்கொண்டு, இரண்டு நூல்களையும் ஒரே அலமாரியில் வைத்திருந்தது. அவற்றை ஒன்றாக விரித்துப் படிக்கும் பொறுப்பு யாருக்கும் தரப்பட்டிருக்கவில்லை. நானும் அந்த அலமாரியைக் கடந்து போனவன்தான்.

ஆகவே, ஒரு நிறுவனம் எத்தனை அமைப்புகளில் இருக்கிறது என்பதைவிட, அந்தக் கூட்டங்களுக்கு யாரை அனுப்புகிறது என்பதையே நான் முதலில் கேட்பேன். மக்கள் தொடர்புத் துறையைச் சேர்ந்தவர் போகிறாரா, தேக்கத்தின் நீர்மட்டத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் உள்ளவர் போகிறாரா? ஆண்டுதோறும் ஆள் மாறுகிறாரா? நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் மூன்று ஆண்டுகளில் மூன்று பேர் ஒரே குழுவுக்குப் போய் வந்தார்கள். மூவரும் முதல் கூட்டத்தின் அறிமுக உரையை மட்டுமே கேட்டுத் திரும்பினார்கள் என்று சொன்னால் மிகையாகாது. அதே நிறுவனத்தின் அறிக்கையில் அந்தக் குழுவின் சின்னம் மூன்று ஆண்டும் அச்சானது.

இரண்டாவதாக, அந்த நிறுவனம் மேசைக்கு என்ன கொண்டுவருகிறது என்று பார்க்க வேண்டும். கூட்டம் தொடங்கும்போது வழக்கறிஞர் ஒருவர் எழுந்து, விலை, உற்பத்தி அளவு, வாடிக்கையாளர் பற்றி இங்கே பேசக் கூடாது என்று போட்டிச் சட்டத்தின்படி ஓர் எச்சரிக்கையைப் படிப்பார். அது அவசியம். ஆனால் அந்த எச்சரிக்கையின் நிழலில் பலர் தங்கள் தோல்விகளையும் மறைத்துக்கொள்வார்கள். ஒருமுறை, ஒரு நிறுவனத்தின் பிரதிநிதி, கழிவின் மேல் களிமண்ணைப் பரப்பிக் காற்றைத் தடுக்கும் மண்போர்வைச் சோதனையில் கிடைத்த நல்ல முடிவுகளைப் படம் போட்டு விளக்கினார். வேலை செய்யாத திட்டுகள் எத்தனை என்று கேட்டதற்கு, அந்தத் தரவு இன்னும் ஆய்வில் இருக்கிறது என்றார். தேநீர் இடைவேளையில், எந்த இடத்தில் களிமண் காய்ந்து வெடித்தது என்பதை அவரே முழுவதுமாகச் சொன்னார். அன்று நான் கற்ற முக்கியமான விஷயம் கூட்டக் குறிப்பில் இல்லை.

தோல்விகளை வெளியில் கொண்டுவரச் சில அமைப்புகள் முயன்றிருக்கின்றன. கனடாவின் சுரங்கக் கூட்டமைப்பு 2004-இல் தொடங்கிய மதிப்பீட்டுத் திட்டத்தில் உறுப்பினராக இருப்பவர்கள், கனடாவிலுள்ள தங்கள் சுரங்கங்களுக்குத் தாங்களே மதிப்பெண் போட்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியாரைக் கொண்டு சரிபார்த்து, சுரங்கவாரியாக வெளியிட வேண்டும். பின்லாந்து, பிலிப்பைன்ஸ், பிரேசில், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் கூட்டமைப்புகளும் பின்னர் இதை ஏற்றன. எனக்கு இதில் மதிப்பு உண்டு. ஆனாலும் மேலாண்மை முறை இருக்கிறதா என்பதை அளக்கும் மதிப்பெண்ணும், அணைக்கடியில் என்ன மண் இருக்கிறது என்பதும் வேறு வேறு.

உறுப்பினர் பதவி உயிரைக் காக்காது என்பதற்குப் பிரேசில் சாட்சி. 2015 நவம்பர் 5 அன்று உடைந்து 19 பேரைக் கொன்ற ஃபுண்டாவோ அணை, பி.எச்.பி., வாலே ஆகிய இரு நிறுவனங்களுக்கும் சொந்தமான கூட்டு நிறுவனத்தினுடையது. இரண்டும் லண்டனில் இயங்கும் பன்னாட்டுச் சுரங்கங்கள் மற்றும் உலோகங்கள் மன்றத்தின் உறுப்பினர்கள். மன்றம் 2016 டிசம்பரில் கழிவு அணைகள் பற்றி ஒரு நிலைப்பாட்டு அறிக்கை வெளியிட்டது. 2019 ஜனவரி 25 அன்று புருமாஜின்யோவில் வாலேயின் இன்னொரு அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள்.

அதன் பிறகு நடந்தது வேறு மாதிரி. இங்கிலாந்துத் திருச்சபையின் ஓய்வூதிய வாரியமும் சுவீடனின் பொது ஓய்வூதிய நிதிகளின் நெறிமுறைக் குழுவும் 700-க்கும் மேற்பட்ட சுரங்க நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதி, உங்கள் ஒவ்வொரு கழிவு அணையின் விவரத்தையும் வெளியிடுங்கள் என்று கேட்டன. மன்றம் தனியாக இல்லாமல், ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தையும் பொறுப்புள்ள முதலீட்டை வலியுறுத்தும் முதலீட்டாளர் அமைப்பையும் சேர்த்துக்கொண்டு, 2020 ஆகஸ்ட் 5 அன்று 77 தேவைகள் கொண்ட உலகத் தரநிலை ஒன்றை வெளியிட்டது. விளைவு மிகக் கடுமையாக இருக்கக்கூடிய அணைகளுக்கு 2023 ஆகஸ்ட், மற்றவற்றுக்கு 2025 ஆகஸ்ட் என்று உறுப்பினர்களுக்குக் காலக்கெடு வைக்கப்பட்டது. அணைக்குப் பொறுப்பான ஓர் உயர் நிர்வாகி இருக்க வேண்டும், அவர் தலைமை நிர்வாகிக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும் என்பது அதிலுள்ள ஒரு தேவை. பணம் போட்டவரும் வெளியாரும் மேசைக்கு வந்தபோதுதான் காலக்கெடு வந்தது என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வுக்கென்று கட்டும் சந்தாவும், அரசிடம் செல்வாக்குச் செலுத்துவதற்கென்று கட்டும் சந்தாவும் அறிக்கையில் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். ஆஸ்திரேலியாவின் நிலக்கரி ஆய்வுத் திட்டம் 1992 முதல் ஒரு டன்னுக்கு 5 ஆஸ்திரேலிய சென்ட் வீதம் உற்பத்தியாளர்களிடம் வாங்கி ஆராய்ச்சிக்கே செலவிடுகிறது. அதன் கணக்கு தெளிவு. கொள்கைக்காக வாதாடும் அமைப்புகளில் உறுப்பினர் ஒன்று சொல்ல, அமைப்பு வேறொன்று சொல்வது உண்டு. பி.எச்.பி. 2017-இல் தான் உறுப்பினராக இருந்த அமைப்புகளின் காலநிலைக் கொள்கைகளைத் தன்னுடையதோடு ஒப்பிட்டு வெளியிட்டு, 2018-இல் உலக நிலக்கரிச் சங்கத்தை விட்டு விலகியது. அப்படி ஒப்பிட்டுப் பார்த்த பட்டியல் உங்கள் நிறுவனத்தில் இருக்கிறதா என்று பங்குதாரர் கூட்டத்தில் கேட்பதற்கு ஒரு பங்கு கையில் இருந்தாலே போதும். சுரங்கத்துக்கு அருகில் வசிப்பவர்கள், அந்தத் தேக்கத்தின் தரநிலை அறிக்கையைக் கேட்டு வாங்கலாம். தரநிலையை ஏற்ற நிறுவனம் அதைப் பொதுவில் வைக்கக் கடமைப்பட்டது.

இப்போது நான் இருக்கும் இடத்தில், அமிலத் தடுப்புக் குழுவுக்கு நான் போகும்போது அணைப் பொறியாளர் ஒருவரும் உடன் வருகிறார். அவருடைய குழுவுக்கு நானும் போகிறேன். திரும்பியதும் இருவரும் தனித்தனியாகக் குறிப்பு எழுதி, தேக்கத்தின் ஆண்டுப் பரிசீலனைக்கு முன்பு நிர்வாகியிடம் தருகிறோம். சென்ற முறை எங்கள் குறிப்புகள் ஒத்துப்போகவில்லை. நீரை எவ்வளவு இறக்குவது, வெளியே தெரியும் சேற்றை எதைக் கொண்டு மூடுவது என்பதில் முடிவெடுக்க இரண்டு மாதம் கூடுதலாகப் பிடித்தது. திட்ட அட்டவணை போட்டவர்களுக்குக் கோபம்தான். நீர்மட்டம் இப்போது படிப்படியாக இறங்கிக்கொண்டிருக்கிறது, கரையோரம் வெளிப்பட்ட சேற்றின் மேல் ஈரம் காக்கும் மண்போர்வையின் சோதனைத் திட்டுகள் நான்கு போடப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று ஏற்கெனவே வெடிக்கத் தொடங்கியிருக்கிறது. அடுத்த குழுக் கூட்டத்தில் முதலில் அந்தத் திட்டின் படத்தைத்தான் காட்டப்போகிறேன்.