கைதியின் பொருள்களுக்குப் பட்டியல் கேளுங்கள்

ஒருவர் விளக்கமறியலில் வைக்கப்பட்டதும் வீட்டார் முதலில் விசாரிப்பது பிணையைப் பற்றித்தான். கைதான நேரத்தில் அவருடைய சட்டைப்பையிலும் கழுத்திலும் கையிலும் என்ன இருந்தது, அது இப்போது யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்ற கேள்வி பெரும்பாலும் அவர் விடுதலையாகும் நாளில்தான் எழுகிறது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் குற்றவியல் வழக்குகளில் ஆஜராகும் சட்டத்தரணி என்ற வகையில் நான் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்றுதான்: பொருள் காணாமற்போன பல வேளைகளில், அது முதலிலேயே சரியாக எழுதப்படாமல் இருந்திருக்கிறது.

இலங்கையின் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, கைதானவரைச் சோதித்து, அவர் உடுத்தியிருக்கும் அவசியமான உடைகள் தவிர்ந்த பொருள்களைப் பாதுகாப்பில் வைக்க இடமளிக்கிறது. பெண்ணொருவரைப் பெண்ணே, கண்ணியம் குறையாமல் சோதிக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. பாதுகாப்பில் வைப்பது என்றால் உரிமை கைமாறிவிட்டது என்று பொருளல்ல. வழக்குக்குத் தேவையான சான்றுப் பொருளை நீதிமன்றக் கட்டளையின்படியே விடுவிக்க முடியும். வழக்கோடு தொடர்பில்லாத பணப்பை, கைக்கடிகாரம், அடையாள அட்டை, அடகுச் சீட்டு ஆகியவை வேறு. இவ்விரண்டும் ஒரே உறைக்குள் போடப்பட்டுவிட்டால், வழக்கு முடியும்வரை அடையாள அட்டைகூட இல்லாமல் அந்தக் குடும்பம் அலைய நேர்கிறது.

படுவான்கரையைச் சேர்ந்த ஒரு பெண்ணின் தாலிக்கொடி இவ்வாறு கழற்றி வாங்கப்பட்டபோது, பதிவில் எழுதப்பட்டிருந்தது "மஞ்சள் நிற உலோக மாலை ஒன்று" என்பது மட்டுமே. தங்கம் என்று உறுதி கூற முடியாத உத்தியோகத்தர் அப்படி எழுதுவதை நான் குறைகூற மாட்டேன். ஆனால் அதன் நிறை எழுதப்படவில்லை. கொடியில் கோத்திருந்த காசுகள் எண்ணப்படவில்லை. அந்தப் பக்கம் முழுவதும் அவருக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் இருந்தது. காட்டப்பட்ட இடத்தில் அவர் கையொப்பமிட்டார். திருப்பிக் கிடைத்தபோது இரண்டு காசுகள் குறைவதாக அவருடைய தாயார் அழுதார். அதை நிரூபிக்க எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. கிழக்கு மாகாணத்தில் தமிழும் நிர்வாக மொழி என்பதால், பட்டியலைத் தமிழில் எழுதும்படியோ, குறைந்தது வாசித்து விளக்கும்படியோ கேட்பது ஒருவருடைய உரிமையாகும்.

சிறைச்சாலையைப் பொறுத்தவரை நியமம் இன்னும் தெளிவானது. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2015ஆம் ஆண்டு டிசம்பரில் ஏற்றுக்கொண்ட, கைதிகளை நடத்துவதற்கான குறைந்தபட்ச நியமங்களான நெல்சன் மண்டேலா விதிகளின் 67ஆம் விதிப்படி, கைதி தன்னுடன் வைத்திருக்க அனுமதியில்லாத பணம், பெறுமதியான பொருள்கள், உடைகள் யாவும் உள்ளே சேர்க்கப்படும்போதே பட்டியலிடப்பட்டு, அதில் அவரது கையொப்பம் பெறப்பட்டு, பழுதடையாமல் பேணப்பட வேண்டும். விடுதலையின்போது அவை திருப்பிக் கொடுக்கப்பட்டு, பெற்றுக்கொண்டதற்கும் கையொப்பம் வாங்கப்பட வேண்டும். பொத்துவிலுக்கோ திருக்கோவிலுக்கோ போக வேண்டிய ஒருவர் பஸ் காசில்லாமல் வாசலில் நிற்பது இந்த விதி மீறப்படுவதன் நேரடி விளைவு.

மருந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கைதி கொண்டுவரும் மருந்தை என்ன செய்வது என்று தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர் அல்லது தகுதிபெற்ற சுகாதார உத்தியோகத்தர் என்று அதே விதி கூறுகிறது. நீரிழிவு நோயாளியின் கிளினிக் கொப்பியும் இன்சுலினும் பணப்பையோடு சேர்த்து அலுமாரியில் பூட்டப்படுவது உயிரோடு விளையாடும் செயல். மூக்குக் கண்ணாடியும் அப்படியே. அது இல்லாத முதியவர் தனக்கு நீட்டப்படும் எந்தக் காகிதத்தையும் வாசிக்காமலே ஒப்பமிடுவார்.

ஆகவே கைது நடந்த அன்றே, என்னென்ன பொருள்கள் இருந்தன என்பதை நிறை, நிறம், கைத்தொலைபேசியின் அடையாள இலக்கம் உட்பட வீட்டில் எழுதி வையுங்கள். நகை அணிந்த பழைய புகைப்படம் இருந்தால் எடுத்து வையுங்கள். நீதவான் முன் முதன்முதலாக ஆஜர்படுத்தப்படும்போதே உங்கள் சட்டத்தரணியிடம் அந்தப் பட்டியலைக் கொடுங்கள். திறந்த மன்றில் சொல்லப்படுவது வழக்கேட்டில் பதிவாகும். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பொருள் மறுக்கப்பட்டதோடு அடியோ அவமானமோ சேர்ந்திருந்தால், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அல்லது கல்முனை அலுவலகத்தில் முறைப்பாடு செய்யுங்கள். அந்த ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அழைக்கலாம். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேர்க்கப்படாது.