அங்கன்வாடி: தமிழில் என்ன பெயர்?

எங்கள் தெருவில் யாரும் ‘அங்கன்வாடி’ என்று சொல்வதில்லை, ‘பால்வாடி’தான். நூறு நாள் வேலைக்குக் கிளம்புகிறவர்கள், “பிள்ளைய பால்வாடில விட்டுட்டு வந்துடறேன், இருங்க” என்பார்கள். அது பசும்பால் என்றே நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். மராத்தியிலும் குஜராத்தியிலும் இந்தியிலும் ‘பால்’ என்றால் குழந்தை. நாம் சொல்லும் பாலர், பாலகன் எல்லாம் அதன் உறவுதான். வாடி என்பது தோட்டம், சிறு குடியிருப்பு. ஆக, பால்வாடி என்றால் குழந்தைகளின் தோட்டம்.

சரி, அங்கன்வாடி? அதன் கதை மகாராஷ்டிரத்துக் கடலோர ஊரான போர்டியில் இருக்கிறது. தாராபாய் மோடக் 1945-இல் அங்கே கிராமக் குழந்தைகளுக்குக் கல்விப்பணி தொடங்கினார். அனுதாய் வாக் அவருக்குத் துணை நின்றார். அந்தப் பகுதி வார்லி பழங்குடிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைப்பது பெரும்பாடாக இருந்தது. வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆடு மாடு மேய்க்க வேண்டும். பிள்ளைகள் வராவிட்டால் நாம் போவோம் என்று ஆசிரியைகள் குடிசை முற்றத்துக்கே போனார்கள். முற்றத்துக்கு அவர்கள் மொழியில் ‘ஆங்கண்’. முற்றத்தில் நடந்த வாடி, அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-இல் மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, அதன் மையங்களுக்கும் இந்தப் பெயரே வந்தது.

இந்த இரண்டு சொல்லும் தமிழுக்குப் புதிதல்ல. ‘அங்கணத்துள் உக்க அமிழ்தற்றால்’ என்கிறது 720-ஆம் குறள். தூய்மையில்லாத முற்றத்தில் கொட்டிய அமுதம் போல என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். முற்றம், கழிவுநீர் ஓடும் இடம் இரண்டுக்கும் அங்கணம் பெயர். வாடியோ இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: மரவாடி, மீன்வாடி, ஜல்லிக்கட்டின் வாடிவாசல். தனித்தனியே இரண்டும் புரிகிறது. சேர்த்துச் சொன்னால் அங்கே என்ன நடக்கிறது என்று தமிழ்க் காதுக்குப் பிடிபடுவதில்லை.

அப்படியானால் தமிழில் எது சரி? வாசல் பலகைகளில் ‘குழந்தைகள் மையம்’ என்று எழுதுகிறார்கள். மையம் என்ற சொல்லை எதற்கு வேண்டுமானாலும் ஒட்டலாம், அதனால் அது எதையும் சொல்வதில்லை. ‘காப்பகம்’ என்றால் பார்த்துக்கொள்ளும் இடம், அவ்வளவுதான். ‘மழலையர் பள்ளி’ அழகான சொல். ஆனால் கட்டணம் வாங்கும் நர்சரிப் பள்ளிகளின் பலகையில் ஏறி, அவர்களுடையதாகவே ஆகிவிட்டது. ‘முன்பருவக் கல்வி’ கோப்பில் எழுதத் தோதானது, யார் வாயிலும் வராது. இலங்கைத் தமிழர்கள் சாதாரணமாக ‘முன்பள்ளி’ என்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பணம் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு முதலில், பத்தாண்டுகளுக்குள் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது. எந்த வயதிலிருந்து என்று அதில் கோடு போடவில்லை. 2002-இல் வந்த 86-ஆவது திருத்தம் அந்தக் கோட்டைப் போட்டது. 6 முதல் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை, ஆறு வயதுக்குக் கீழே அரசு ‘முயலும்’. 2009-இன் கல்வி உரிமைச் சட்டமும் முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்றுதான் சொல்கிறது. சின்னப் பிள்ளைகள் வீட்டின் பொறுப்பு, இருக்கும் பணத்தைப் பள்ளிகளுக்கே செலவிடுவோம் என்பவர்களுக்கு இந்த ‘லாம்’ வசதியாகிவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காசு உள்ள வீட்டுப் பிள்ளை மூன்று வயதில் வண்டியேறிப் படிக்கப் போகிறது. இல்லாத வீட்டுப் பிள்ளை முதல் வகுப்புக்கு வரும்போதே மூன்று வருடம் பின்தங்கி நிற்கிறது.

தமிழ்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். 2022 ஜூனில் அவர்களைப் பள்ளிகளுக்கே திருப்பி, வகுப்புகளைக் கைவிடும் நிலை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் முடிவு மாறி, வகுப்புகள் தொடரும் என்றார்கள். நலத்துறையின் மையமா, கல்வித்துறையின் வகுப்பா என்ற கேள்வி இழுபடும்போதெல்லாம் அல்லாடுவது அதே நாலு சுவருக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்தான்.

அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: மதிப்பூதியம். சம்பளம் இல்லையாம், சேவைக்குக் காட்டும் மரியாதையாம். 2018 அக்டோபரிலிருந்து மத்திய அரசு நிர்ணயித்த தொகை பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. அதற்குமேல் மாநிலங்கள் தங்கள் பங்காகச் சேர்த்துத் தருகின்றன. குஜராத் ஊழியர்கள் தொடர்ந்த வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இதுவும் ஊதியம்தான், பணிக்கொடை தர வேண்டும் என்றது. அந்த மையங்களில் முன்பருவக் கல்வி நடப்பதையும் தீர்ப்பு எடுத்துச் சொன்னது.

முன்பள்ளி என்ற சொல் எனக்குப் பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பள்ளி என்றால் படிக்கும் இடம் மட்டுமல்ல. பள்ளியறை, பள்ளிகொள்ளுதல், திருப்பள்ளியெழுச்சி எல்லாவற்றிலும் அது படுக்கை, உறக்கம். சமண முனிவர்கள் தங்கிய குகையும் பள்ளிதான். பராமரிப்பா கல்வியா என்று துறைகள் பிரித்துப் பார்ப்பதை இந்த ஒரு சொல் எப்போதோ சேர்த்து வைத்திருக்கிறது. எங்கள் தெரு மையத்தில் மதியம் முட்டையும் சாதமும் முடிந்ததும் பாயை விரிப்பார்கள். போன வாரம் எட்டிப் பார்த்தேன். எல்லாரும் தூங்க, ஒரு குட்டிப் பெண் மட்டும் படுத்தபடியே சுவரில் வரைந்திருந்த ‘ஆ’வின் சுழியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். மூலையில் பதிவேட்டில் எடை எழுதிக்கொண்டிருந்தவரின் பதவிப் பெயர் அரசாங்கக் கணக்கில் ‘பணியாளர்’. வாசலில் வந்து நின்ற ஒரு பாட்டி அவரை “டீச்சர்” என்று கூப்பிட்டார். எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.